மருந்துக்குக் காசு உண்டு. சாணி அள்ளக் கூலி இல்லையா?

தோட்டப் பாட்டாளித் தோழர்களே,

மாடு வளர்க்கும் தோழர்களை எங்கே சந்தித்தாலும் இப்போது ஒரே பேச்சாக இருக்கிறது. "மருந்து அடிச்சு அடிச்சுப் பாத்தாச்சுங்க, ஈ சாகவே மாட்டேங்குது" என்கிறார்கள். சம்பளத்துக்குப் பால் பண்ணையில் வேலை செய்யும் தோழர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

கடைக்காரர் மருந்தில் தண்ணீர் கலந்துவிட்டார் என்பார் ஒருவர். இது போலி மருந்து என்பார் இன்னொருவர். "அளவு பத்தலண்ணே, ஒரு மூடிக்கு ரெண்டு மூடி ஊத்துங்க" என்று மூன்றாமவர் யோசனை சொல்வார். போலி மருந்தும் நாட்டில் இல்லாமல் இல்லை. ஆனால், ஆண்டுக்கணக்கில் ஒரே மருந்தை அடித்த கொட்டகையில் நடப்பது பெரும்பாலும் வேறு. மருந்து மாறவில்லை; ஈ மாறிவிட்டது.

ஈ விவகாரத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். மருந்துப் பம்பை முதுகில் சுமப்பவர் யார்? அந்தப் புகையை மூச்சில் இழுப்பவர் யார்? சாணி அள்ள நேரம் கொடுக்காமல், "மருந்தை அடிச்சுட்டு வா" என்று யாரை விரட்டுகிறார்கள்? தொழிலாளியைத்தான். ஆகவே இது நம்முடைய விவகாரம்.

மாடும் நாமும்

மாடு நமக்குப் புதிய உறவு அல்ல. நம் பாட்டன், பூட்டன் காலத்தில் பால்மரக் காட்டில் வெட்டுக்குப் போய் வந்த கையோடு மாட்டுக்குப் புல் அறுத்தவர்கள் நம் ஆட்கள். கித்தாக் கூலி கைக்கும் வாய்க்கும் போதாத நாளில், பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் கல்யாணச் செலவுக்கும் கை கொடுத்தது மாடுதான். லயத்துக்குப் பின்னால் கொட்டகை, கொட்டகைக்குப் பின்னால் சாணிக் குவியல் என்பது நாம் எல்லாரும் பார்த்து வளர்ந்த காட்சி.

இன்று பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஆனாலும் மாட்டை விடாதவர்கள் இருக்கிறார்கள். செம்பனைக் காட்டு ஓரத்தில் ஐந்து மாடு, பத்து மாடு என்று வைத்துப் பிழைக்கிறார்கள். பக்கத்தில் புதுக் குடியிருப்பு வந்ததும் முதல் புகாரே ஈயைப் பற்றித்தான் வருகிறது. சோற்றுத் தட்டில் ஈ மொய்க்கிறது என்று பக்கத்து வீட்டார் முறையிடுகிறார்கள். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. வயிற்றுப்போக்கு, சீதபேதி போன்ற நோய்க் கிருமிகளைக் காலிலும் வாயிலும் சுமந்து வந்து சோற்றில் வைப்பது இந்த ஈதான். புகார் முற்றினால் நகராண்மைக் கழகத்திலிருந்து நோட்டீஸ் வருகிறது. "மாட்டை அப்புறப்படுத்து" என்று அதில் எழுதியிருக்கிறது. பயந்துபோன மாட்டுக்காரர் மருந்துக் கடைக்கு ஓடுகிறார். வலுவான மருந்தாகப் பார்த்து வாங்கி, இரட்டிப்பு அளவில் அடிக்கிறார். நாலு நாள் ஈ குறைகிறது. பிறகு முன்னைவிட அதிகமாக வருகிறது.

ஏன் இப்படி ஆகிறது? இதைப் புரிந்துகொண்டால்தான் மேற்கொண்டு செய்ய வேண்டியது புரியும்.

ஈ எப்படித் தப்பிக்கிறது?

கள்ளுக் குடித்துப் பழகியவனுக்கு ஒரு போத்தல் போதாது, இரண்டு வேண்டும் என்பார்கள். ஈயும் அப்படித்தான் மருந்துக்குப் பழகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஓர் ஈ மருந்தைக் குடித்துக் குடித்துப் பலம் பெறுவதில்லை. பிறக்கும்போதே சில ஈக்களுக்கு அந்த மருந்தைத் தாங்கும் உடம்பு வாய்த்துவிடுகிறது. பத்தாயிரம் ஈயில் ஒன்றுக்கு அப்படி வாய்த்தது என்று வைத்துக்கொள்வோம். நாம் மருந்து அடித்ததும் மற்றவை செத்துவிடும். அந்த ஒன்று பிழைத்துக்கொள்ளும். அதற்குப் போட்டிக்கு வேறு ஈ இல்லை. தின்னச் சாணி குவிந்து கிடக்கிறது. அது போடும் முட்டையிலிருந்து வரும் குஞ்சுகளில் பல அதே தாங்கும் உடம்போடு பிறக்கும். மறுபடியும் அதே மருந்தை அடித்தால், மறுபடியும் அந்த வம்சமே மிஞ்சும். ஆக, ஒவ்வொரு முறை மருந்து அடிக்கும்போதும் மருந்துக்குச் சாகாத ஈயை நாமே பொறுக்கி எடுத்து வளர்க்கிறோம்.

இது எவ்வளவு வேகமாக நடக்கும்? பெண் ஈ ஒரு தடவைக்கு 75 முதல் 150 முட்டை வரை இடும். சாகும் முன் அப்படிப் பல தடவை இடும். நம் நாட்டு வெயிலில் முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்து புழுவாகிறது. புழு சில நாளில் கூட்டுப்புழுவாகிறது. முட்டை இட்டதிலிருந்து ஈயாகப் பறப்பதற்கு 7 முதல் 10 நாள் போதும். குளிர்நாட்டில் பனிக்காலம் வந்து ஈயை அடக்குகிறது. நம் நாட்டில் ஆண்டு முழுவதும் ஈக்குக் கொண்டாட்டம். ஆண்டுக்கு 20 தலைமுறைக்கு மேல் இங்கே ஓடிவிடும். மனிதனுக்கு ஒரு தலைமுறை மாற 25 ஆண்டு வேண்டும்.

அப்படித் தப்பிக்கும் ஈயின் உடம்பில் நடப்பது என்ன? அறிவியலார் மூன்று வழிகளை முக்கியமாகச் சொல்கிறார்கள். ஒன்று, மருந்தை உடைத்துச் சக்கையாக்கும் நொதிகள் அதன் உடம்பில் அதிகமாகச் சுரக்கின்றன. இரண்டு, நரம்பில் மருந்து போய் உட்காரும் இடமே மாறிவிடுகிறது. பூட்டு மாறிய வீட்டுக்குப் பழைய சாவியைக் கொண்டு போனது போல மருந்து திகைத்து நிற்கிறது. மூன்று, மேல்தோல் வழியாக மருந்து உள்ளே இறங்குவது மெதுவாகிறது. சில ஈக்களுக்கு இவற்றில் இரண்டு வழிகூடச் சேர்ந்து அமைந்துவிடும். பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்பார்கள். இந்த ஈ அப்படிப்பட்டது.

உலகம் கண்ட பாடம்

இது நம் ஊர்க் கொட்டகைக்கு மட்டும் வந்த சோதனை அல்ல. டி.டி.டி. மருந்து பூச்சியைக் கொல்லும் என்பதை 1939-ல் சுவிட்சர்லாந்தில் பால் முல்லர் கண்டறிந்தார். 1948-ல் அதற்காக அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். இனி ஈயும் கொசுவும் ஒழிந்தன என்று உலகமே நம்பியது. ஆனால் பரிசு கொடுப்பதற்கு முன்பே, 1946-ல், சுவீடன் நாட்டில் டி.டி.டி.க்குச் சாகாத வீட்டு ஈயைக் கண்டுவிட்டார்கள். அடுத்து இத்தாலியிலும் டென்மார்க்கிலும் அதே கதை.

டென்மார்க் பால் மாட்டுக்குப் பேர்போன நாடு. அந்நாட்டுப் பூச்சி ஆய்வுக்கூடத்தார் 1948 முதல் பல பத்தாண்டுகள் பண்ணைப் பண்ணையாகப் போய் ஈயைப் பிடித்துச் சோதித்தார்கள். டி.டி.டி. தோற்றது. அடுத்து பாஸ்பரஸ் வகை மருந்துகள் வந்தன. ஒன்றன் பின் ஒன்றாக அவையும் வலுவிழந்தன. 1973-ல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட் குழுவினர் பெர்மெத்ரின் மருந்தைக் கண்டறிந்தார்கள். பைரித்ராய்டு என்னும் அந்த வகையும் பண்ணைச் சுவர்களில் ஏறியது. ஈ அதையும் வென்றது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலப் பால் பண்ணை ஈக்களைப் பற்றி 2001-லும், புளோரிடா மாநிலப் பால் பண்ணை ஈக்களைப் பற்றி 2010-லும் ஆய்வுகள் வெளிவந்தன. வழக்கமாக அடித்து வந்த மருந்துகளுக்கு ஈக்கள் எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டதை அவையும் காட்டின.

பணமும் படிப்பும் ஆராய்ச்சிக்கூடமும் உள்ள நாடுகளிலேயே மருந்தை மட்டும் நம்பிய பண்ணை தோற்றிருக்கிறது. அப்படியிருக்க, ஒரு பம்பையும் ஒரு புட்டியையும் கொடுத்து, "ஈ இருக்கக் கூடாது" என்று தொழிலாளியிடம் உத்தரவு போட்டால் நடக்குமா?

பெயர் மாறினால் மருந்து மாறுமா?

"நாங்க மருந்தை மாத்தி மாத்தித்தான் அடிக்கிறோம்" என்று சிலர் சொல்லலாம். புட்டியை வாங்கிப் பார்த்தால் விஷயம் தெரியும். போன மாதம் பெர்மெத்ரின். இந்த மாதம் சைபர்மெத்ரின். அடுத்த மாதம் டெல்டாமெத்ரின். கம்பெனி வேறு, படம் வேறு, விலை வேறு. ஆனால் மூன்றும் பைரித்ராய்டு என்னும் ஒரே குடும்பம். மூன்றும் ஈயின் நரம்பில் ஒரே இடத்தைத்தான் தாக்குகின்றன. ஒன்றுக்குத் தப்பிய ஈ மற்ற இரண்டுக்கும் பெரும்பாலும் தப்பிவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், டி.டி.டி.யும் நரம்பில் அதே இடத்தைத்தான் தாக்கியது. அதனால்தான், டி.டி.டி. பார்த்த ஈயின் வம்சத்தில் சில, பைரித்ராய்டு வருவதற்கு முன்பே அதைத் தாங்கத் தயாராக இருந்தன.

அதேபோல, மாலத்தியான் போன்ற பாஸ்பரஸ் வகையும், மெத்தோமில் போன்ற கார்பமேட் வகையும் பெயரில்தான் வேறு. நரம்பில் தாக்கும் இடம் ஒன்றே. இமிடாக்லோபிரிட் இன்னொரு குடும்பம். சைரோமசின் போன்றவை பறக்கும் ஈயைக் கொல்வதில்லை. புழு வளர்ந்து ஈயாவதைத் தடுக்கும்.

எனவே மருந்து வாங்கும்போது பெரிய எழுத்தில் உள்ள வியாபாரப் பெயரைப் பார்க்காதீர்கள். சிறிய எழுத்தில் உள்ள மூலப் பொருளின் பெயரைப் பாருங்கள். கண் தெரியாவிட்டால் பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். 1974-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு எண் இல்லாத புட்டியைத் தொடவே வேண்டாம். ஒரே குடும்பத்து மருந்தை மாதக்கணக்கில் விடாமல் அடிக்காதீர்கள். பறக்கும் ஈக்கு அடிக்கும் அதே வகையைப் புழுவுக்கும் அடிக்காதீர்கள். அப்படிச் செய்தால் ஈயின் பிறப்பிலிருந்து இறப்பு வரை ஒரே சோதனையை வைத்து, தேறியவற்றை மட்டும் வளர்க்கிறோம் என்று அர்த்தம். இரண்டு மூன்று மருந்தை ஒரே பம்பில் கலந்து நாமாகக் கஷாயம் காய்ச்சுவதும் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேட்க விசித்திரமாக இருக்கும். எல்லா ஈயையும் மருந்தால் கொன்றுவிட வேண்டும் என்று பார்க்காதீர்கள். கொட்டகைச் சுவர், கூரை, சாணி, புல் என்று ஓர் இடம் விடாமல் அடித்தால், மிஞ்சுவது மருந்துக்குச் சாகாத ஈ மட்டுமே. ஈ அதிகமாக உட்காரும் இடத்தில் மட்டும், தேவையான நேரத்தில் மட்டும் அடித்தால், மருந்துக்குச் சாகக்கூடிய சாதாரண ஈயும் கொஞ்சம் தப்பி இருக்கும். அது சாகாத ஈயோடு கலந்து குஞ்சு பொரித்தால், அந்த முரட்டு வம்சம் கைமீறிப் பெருகுவது தாமதமாகும். மருந்தும் நாலு நாள் கூட வேலை செய்யும்.

ஈ பிறக்கும் இடம்

இவ்வளவும் மருந்தைக் காப்பாற்றும் வழி. ஈயை அடக்கும் வழி வேறு இடத்தில் இருக்கிறது. சாணிதான் அந்த இடம்.

கண்ணில் படும் ஈ கொஞ்சம். சாணியிலும், ஈரத் தீவனத்திலும் முட்டையாகவும் புழுவாகவும் கிடப்பது அதைவிடப் பல மடங்கு. பறப்பதை மட்டும் அடிப்பது, குழாயைத் திறந்து விட்டுவிட்டுத் தரையைத் துடைப்பது போன்றது. புழு வளரச் சில நாள் வேண்டும் என்று பார்த்தோம். அந்த நாளுக்குள் சாணியை அள்ளிவிட்டால், அதற்குள் இருக்கும் புழு ஈயாக வழியில்லை. நம் ஊர் வெயிலுக்கு வாரம் இரண்டு முறை முழுமையாக அள்ள வேண்டும். எந்த ஈயும், எவ்வளவு எதிர்ப்புச் சக்தி உள்ள ஈயும், மண்வெட்டிக்கு எதிர்ப்புச் சக்தி பெற்றதாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

எங்கே பார்க்க வேண்டும்? பெரிய மாடு கட்டும் இடத்தை எல்லாரும் கழுவுகிறார்கள். கன்றுக்குட்டி கட்டும் மூலையை மறந்துவிடுகிறார்கள். மூத்திரமும் சாணியும் வைக்கோலும் பாலும் கலந்து மெத்தை போல ஊறிக் கிடக்கும் அந்த மூலைதான் ஈக்குப் பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரி. அடுத்து தீவனத் தொட்டியின் அடிப்பக்கம். சோயாச் சக்கையும் செம்பனைப் பிண்ணாக்கும் சிந்தி, நனைந்து, புளித்துக் கிடக்கும் இடத்தில் புழு நெளியும். அடுத்து ஒழுகும் தண்ணீர்க் குழாய், அடைத்த கால்வாய். ஈரம் இல்லாத இடத்தில் ஈப்புழு வாழாது. ஆகவே காய வைப்பதே பாதி வைத்தியம்.

அள்ளிய சாணியை என்ன செய்வது? செம்பனை மரத்தடியில் குவியலாகக் கொட்டிவிட்டு வந்தால், ஈயை இடம் மாற்றி வைத்ததுதான் மிச்சம். மெல்லிசாகப் பரப்பி வெயிலில் காய விடலாம். அல்லது ஒரே இடத்தில் குவித்துக் கறுப்புப் பிளாஸ்டிக் தாளால் இறுக மூடலாம். மக்கும்போது எழும் சூட்டில் உள்ளே இருக்கும் புழு வெந்து சாகும். நன்கு மக்கிய எருவுக்கு விலையும் உண்டு. கேமரன் மலையில் காய்கறிக்குப் பச்சைக் கோழி எருவைப் போட்டதால் ஈ பெருகி, ஊரும் சுற்றுலாப் பயணிகளும் பட்ட பாடு நாம் அறிந்தது. மக்காத எரு எங்கே போனாலும் ஈயைக் கூட்டிக்கொண்டுதான் போகும்.

நமக்குச் சம்பளம் வாங்காத தோழர்களும் உண்டு. எறும்பு அளவுகூட இல்லாத ஒருவகைச் சின்னஞ்சிறு குளவி, ஈயின் கூட்டுப்புழுவைத் துளைத்து அதற்குள் முட்டை இடும். ஈ வெளிவர வேண்டிய கூட்டிலிருந்து குளவி வெளிவரும். அது மனிதனைக் கொட்டாது, மாட்டையும் கொட்டாது. காய்ந்த சாணியில் வாழும் சில வண்டுகளும் ஈயின் முட்டையையும் புழுவையும் தின்னும். சாணிக் குவியலின் மேல் மருந்து அடித்தால் முதலில் செத்துப் போவது இவைதான். ஈ பத்து நாளில் திரும்பி வந்துவிடும். இவை திரும்பி வர வெகுநாளாகும். ஆகவே சாணியின் மேல் மருந்து அடிக்கவே கூடாது. கனடாவில் ஒன்டாரியோ மாநிலத்தில் மஸ்கோவி வாத்துகளைக் கொட்டகையில் விட்டு ஈயைப் பிடிக்கவைத்துச் சோதித்தார்கள். வாத்து நன்றாகவே வேலை செய்தது என்று 1990-ல் எழுதினார்கள். கோழியும் வாத்தும் வளர்ப்பது நமக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய வித்தையா?

ஈ கூடுகிறதா, குறைகிறதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. மூன்று அங்குல அகலம், ஐந்து அங்குல நீளம் உள்ள வெள்ளை அட்டைகளை ஈ உட்காரும் இடங்களில் மாட்டி வையுங்கள். ஒரு வாரம் கழித்து அவற்றில் ஈ வைத்த கறும்புள்ளிகளை எண்ணுங்கள். ஒரு அட்டைக்கு நூறு புள்ளிக்கு மேல் போனால் ஈ அதிகம் என்று பொருள். வாராவாரம் எழுதி வைத்தால், சாணி அள்ளியதால் குறைந்ததா, மருந்து அடித்ததால் குறைந்ததா என்பது காகிதத்தில் தெரிந்துவிடும். நிர்வாகத்தோடு பேசப் போகும்போது அந்தக் காகிதம் பேசும்.

யார் உடம்பு தாங்கும்?

இனி விஷயத்தின் முக்கியமான பகுதிக்கு வருவோம். ஈ சாகவில்லை என்றதும் அளவை இரட்டிப்பாக்குகிறார்கள். அந்த இரட்டிப்பு ஈயை ஒன்றும் செய்வதில்லை. பம்பைப் பிடித்தவரைச் செய்கிறது. பாஸ்பரஸ், கார்பமேட் வகை மருந்துகள் ஈயின் நரம்பில் எந்த வேலையைக் கெடுக்கின்றனவோ, அதே வேலையை மனிதன் நரம்பிலும் கெடுக்கக்கூடியவை. தலைசுற்றல், வாந்தி, வாயில் எச்சில் ஊறுதல், வியர்த்துக் கொட்டுதல், கண் மங்குதல் எல்லாம் அதன் அறிகுறி. "வெயில்ல நின்னேன், அதான் மயக்கம்" என்று சொல்லிவிட்டு மறுநாளும் பெரட்டுக்கு வந்து நிற்பவர் எத்தனை பேர்! அளவுக்கு மிஞ்சினால் அமுதும் நஞ்சு; நஞ்சே அளவுக்கு மிஞ்சினால் என்ன ஆகும்? ஈக்கு ஆண்டுக்கு 20 தலைமுறை. தாங்கும் உடம்பை அது தேடிக்கொள்ளும். நமக்கு இருப்பது இந்த ஒரே உடம்பு.

பால் விஷயமும் இருக்கிறது. மடியிலும் தீவனத்திலும் பால் கேனிலும் மருந்து பட்டால், அது பாலோடு போய்ப் பிள்ளைகளின் வயிற்றில் சேரும். பால் கறக்கும் நேரத்தில் மருந்து அடிப்பது பெரிய தவறு.

1994-ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி, வேலையாளின் பாதுகாப்புக்குப் பொறுப்பு முதலாளி. முகமூடி, கையுறை, பூட்சுக்கு நம் சம்பளத்தில் பிடிக்க அந்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தில் இன்னொரு உரிமையும் சேர்ந்திருக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, நிர்வாகத்திடம் சொல்லியும் அது நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். இன்று அந்தப் பம்பைச் சுமப்பவர் வங்காளதேசத்துத் தோழராகவோ, நேப்பாளத் தோழராகவோ, இந்தோனேசியத் தோழராகவோ இருக்கலாம். புட்டியில் எழுதியிருப்பதைப் படிக்கவும் அவருக்கு வழியில்லாமல் இருக்கலாம். அவருக்கு விளக்கிச் சொல்வது நம் கடமை. விஷம் பாஸ்போர்ட் பார்த்து ஏறுவதில்லை.

கணக்குப் பார்ப்போம்

"சாணி அள்ள ஆள் இல்ல, நேரம் இல்ல" என்று நிர்வாகம் சொல்லும். கணக்குப் பார்ப்போம். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மாதத்துக்கு 26 நாள், நாளுக்கு 8 மணி என்று வகுத்தால், மணிக்கு 8 வெள்ளி 17 காசு. கூடுதல் நேர வேலைக்கு ஒன்றரை மடங்கு என்றால் 12 வெள்ளி 26 காசு. வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் சாணி அள்ள ஒரு தொழிலாளிக்குக் கூடுதல் நேரச் சம்பளம் கொடுத்தால், வாரத்துக்கு 49 வெள்ளி ஆகும். மருந்துப் புட்டிக்கும், பம்புப் பழுதுக்கும், ஈத் தொல்லையால் மாடு கால் உதறிக் குறைந்து போகும் பாலுக்கும் ஆகும் செலவை நிர்வாகமே ஒரு பக்கம் எழுதட்டும். 49 வெள்ளியை இன்னொரு பக்கம் எழுதட்டும். மருந்துக்குக் காசு இருக்கும்போது கூலிக்குக் காசு இல்லை என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது?

ஆகவே பால் பண்ணை நிர்வாகங்களிடம் நாம் கேட்பது இவைதான்:

1. சாணி அள்ளுவதும் கன்றுக் கொட்டில் துப்புரவும் வேலை நேரத்துக்குள் சேர்ந்த வேலை. நேரத்துக்கு மேல் போனால் கூடுதல் நேரச் சம்பளம்.

2. கைவண்டி, மண்வெட்டி, தண்ணீர்க் குழாய், மூடும் தாள் ஆகியவை நிர்வாகப் பொறுப்பு.

3. எந்த மருந்து, எந்த வகை, எந்தத் தேதியில், எவ்வளவு அளவில் அடித்தது என்று பதிவுப் புத்தகம். தொழிலாளி கேட்டால் அதைக் காட்ட வேண்டும்.

4. லேபிளில் உள்ள அளவுக்கு மேல் கலக்கச் சொல்லி எந்த மேற்பார்வையாளரும் உத்தரவிடக் கூடாது.

5. மருந்து அடிப்பவருக்குப் பாதுகாப்பு உடை, குளிக்க இடம், மருத்துவச் சோதனை. பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்குப் பம்பு கொடுக்கவே கூடாது.

இவற்றில் ஒன்றும் ஆகாயத்தில் இருக்கும் கோரிக்கை அல்ல.

சொந்தமாக மாடு வைத்திருப்பவர்களுக்கு

முதலாளியைக் கேட்டாயிற்று, நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஈ ஒன்றிரண்டு மைல் சாதாரணமாகப் பறக்கும். நீங்கள் கொட்டகையைக் கண்ணாடி போல வைத்திருந்தும், பக்கத்துக் கொட்டகையில் சாணி மலையாகக் குவிந்திருந்தால் பயன் இல்லை. பக்கத்துக்காரர் கண்டபடி மருந்து அடித்து வளர்த்த முரட்டு ஈயும் உங்கள் கொட்டகைக்கு வரும். உங்கள் கையில் உள்ள நல்ல மருந்தும் அன்றோடு வீண். ஆக, மருந்தின் வீரியம் ஒரு தனி ஆளின் சொத்து அல்ல. கிணற்றுத் தண்ணீர் போல ஊருக்குப் பொது. ஒருவர் கெடுத்தால் எல்லாருக்கும் கெடும்.

எனவே ஒரு வட்டாரத்தில் மாடு வைத்திருக்கும் பத்துக் குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் குறித்து, அந்த நாளில் எல்லாக் கொட்டகையிலும் சாணி அள்ள வேண்டும். ஒரு கைவண்டியைப் பொதுவில் வாங்கலாம். எந்த வகை மருந்து, எப்போது என்று சேர்ந்து முடிவு செய்யலாம். பக்கத்துக் குடியிருப்பு மக்களை ஒருநாள் அழைத்துக் கொட்டகையைக் காட்டலாம். கால்நடைச் சேவை இலாகா அதிகாரியைக் கூப்பிட்டு ஆலோசனை கேட்கலாம். நகராண்மைக் கழகத்து அதிகாரி நோட்டீஸோடு வரும்போது தனி ஆளாகக் கைகட்டி நிற்காமல், அள்ளிய தேதியும் அட்டையில் எண்ணிய புள்ளிக் கணக்கும் எழுதிய நோட்டுப் புத்தகத்தோடு பத்துப் பேரும் சேர்ந்து நிற்கலாம். மாட்டை அப்புறப்படுத்தச் சொல்லும் முன் அவரும் ஒருமுறை யோசிப்பார்.

தோழர்களே! ஈயை ஒழிக்கப் புதிய மருந்து வரும் என்று காத்திருப்பதில் பயன் இல்லை. வந்தாலும், பழைய மாதிரியே அடித்தால் அதுவும் சில காலத்தில் தோற்கும். சாணியை அள்ள நேரம் வேண்டும், ஆள் வேண்டும், கூலி வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது சங்கத்தின் வேலை. அள்ளுவது நம் எல்லாருடைய வேலை. இந்த வாரமே உங்கள் கொட்டகையின் கன்றுக்குட்டி மூலையிலிருந்து தொடங்குங்கள். பண்ணையில் வேலை செய்பவர்கள், மேலே சொன்ன ஐந்து கோரிக்கைகளையும் அடுத்த கிளைக் கூட்டத்தில் எழுப்புங்கள்.